அறுபத்து நான்கு நுனிகள்

பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் பழைய சுவர்க்கடிகாரம் வாங்குவதாக இருந்தால் பத்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள், மேடம். வெயில் ஏறிய பிறகு கடைக்காரர்களுக்குப் பசி வந்துவிடும், பேரம் படியாது. முள் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். காதருகே வைத்துக் கேளுங்கள். சத்தம் சீராக விழுந்தால் வாங்கலாம், நொண்டினால் கீழே வைத்துவிடலாம். இதெல்லாம் எல்லம்மா அக்கா எனக்குச் சொன்னது. நீங்கள் என்னிடம் கேட்டிருப்பதும் அவருடைய கண்களைப் பற்றித்தான்.

வாயால் சொன்னால் நான் நடுவில் வேறெங்காவது போய்விடுவேன், எழுதித் தருகிறேன் என்றேன். தாளும் பேனாவும் கொடுத்து, மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியும் போடச் சொன்னீர்கள். நன்றி. யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஏட்டையா மதியம் எனக்குத் தயிர் சாதத்தோடு மாவடு வாங்கிவந்து கொடுத்தார்.

பெயர் ஏகநாதன். வயது நாற்பத்தொன்பது. ஊர் மாடம்பாக்கம். கல்யாணம் ஆகவில்லை. வேதியியலில் டாக்டர் பட்டம். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அருகில் சக்திவேல் நடத்தும் சிறிய மருந்துப்பொருள் கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். அவருடைய அப்பா நெல் போட்ட நிலத்தில்தான் எங்கள் ஷெட் நிற்கிறது. சக்திவேல் படித்தது பி.காம். ஆனாலும் ஒரு மூலக்கூறை நம்பி வருடக்கணக்கில் காத்திருந்தார். அவரைப் பற்றி நான் குறையாக எதுவும் சொல்ல மாட்டேன்.

அந்த மூலக்கூறுக்கு டென்ட்ரிமர் என்று பெயர். பயப்பட வேண்டாம், எளிமையானதுதான். நடுவில் ஒரு சிறு கரு, அதற்கு நான்கு நுனிகள். ஒவ்வொரு நுனியிலும் இரண்டு கிளை வைத்தால் எட்டு. அந்த எட்டிலும் இவ்விரண்டு வைத்தால் பதினாறு. ஒவ்வொரு சுற்றும் ஒரு தலைமுறை. நான்காம் தலைமுறையில் அறுபத்து நான்கு நுனிகளோடு ஒரு பந்துபோல ஆகிவிடும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மிச்சமிருக்கும் சரக்கைத் துளிகூட இல்லாமல் வெளியேற்ற வேண்டும். கொஞ்சம் தங்கினாலும் அது தனியாக ஒரு குட்டியை வளர்க்கத் தொடங்கிவிடும். நான்காவது தலைமுறைக்கு வந்துசேர எனக்கு இரண்டரை மாதம் பிடிக்கும். அவசரப்படுகிறவர்களுக்கான வேலை இல்லை. எனக்கு அவசரமே கிடையாது.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். கண்ணில் அழுத்தம் ஏறும் நோய்க்குச் சொட்டு மருந்து போடுகிறார்கள் அல்லவா, அது இரண்டே நிமிடத்தில் கண்ணீரோடு வழிந்துபோகும். அதனால் நாளைக்கு மூன்று நான்கு தடவை போட வேண்டியிருக்கிறது, மக்கள் மறந்துபோகிறார்கள், பார்வை போகிறது. என் மூலக்கூறின் கிளைகளுக்கு நடுவே இருக்கும் இடுக்குகளில் மருந்தை உட்கார வைத்தால், அது கண்ணின் மேல் தங்கி மெதுவாக அவிழ்த்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு சொட்டு போதும். ஒரே ஒரு கவனம் வேண்டும். அந்த அறுபத்து நான்கு நுனிகளையும் வெறுமனே விட்டால் அவை உயிருள்ள செல்லின் மேல்தோலைப் பிடித்து ஓட்டை போடும். எனவே ஒவ்வொரு நுனிக்கும் தொப்பி மாதிரி ஒன்றை மாட்ட வேண்டும். தொப்பி போட்டது சாது. போடாதது அப்படி இல்லை. தண்ணீரில் கரைத்துவிட்டால் பார்வைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

மூன்று வருடங்களுக்கு முன்னால் தீபா வேலைக்குச் சேர்ந்தார். முப்பது வயது. தாம்பரத்திலிருந்து ரயிலில் வருவார். வரும்போதெல்லாம் ஆய்வகத்துக்கு ஏதாவது தின்பண்டம் வாங்கிவருவார். சிரித்த முகம். அவரை எனக்குப் பிடிக்கும், இன்றும் பிடிக்கும்.

தீபா வேறு வழியில் போனார். எல்லாச் சரக்கையும் ஒரே குடுவையில் கொட்டிச் சூடாக்கி, அது எப்படி வளர்கிறதோ அப்படியே வளரவிட்டார். அதுவும் கிளைவிட்டுத்தான் வளரும். ஆனால் ஒன்றுக்கு முப்பது நுனி இருக்கும், பக்கத்திலிருப்பதற்குத் தொண்ணூறு இருக்கும். சீமைக்கருவேலம் வளர்வதுபோல. இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும். கடைசியில் அதற்கும் தொப்பி போட்டு, மருந்தை ஏற்றி, முயலின் கண்ணில் விட்டுப் பார்த்தார்கள். என்னுடையது எவ்வளவு வேலை செய்ததோ அவ்வளவும் செய்தது.

"இவ்வளவு ஒழுங்கில்லாத பொருளை ஒரு மனுஷன் கண்ணுல எப்படிம்மா விடுவீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பேஷன்டுக்கு சிமெட்ரி வேணாம் சார். பிரஷர் கொறஞ்சா போதும்" என்றார் தீபா. கேலியாகச் சொல்லவில்லை. முறுக்குப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்திக்கொண்டே சொன்னார்.

சக்திவேல் நியாயமான ஆள். இருபது நோயாளிகளைப் பிடித்து, பத்துப் பேருக்கு என்னுடையது, பத்துப் பேருக்கு தீபாவுடையது கொடுத்துப் பார்ப்போம், சமமாக வந்தால் தீபாவின் வழியில் போய்விடுவோம் என்றார். "சார், உங்களுது பிளாட்டினம். அவங்களுது ஸ்டீல். சாப்பிடற தட்டுக்கு ஸ்டீல் போதும் இல்லையா?" என்றார். உதாரணம் சரியாகத்தான் இருந்தது. நான்கூடத் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து தோசை வார்த்துச் சாப்பிட்டேன். தீபாவின் பொருள் அநியாயமாக ஜெயித்துவிடக் கூடாது என்று அப்போது தோன்றியது. கோபமெல்லாம் இல்லை. ஒரு கணக்கில் பிழை இருந்தால் திருத்தத் தோன்றுமே, அந்த மாதிரி.

அடுத்த புதன்கிழமை தீபாவின் பிறந்தநாள். காலை பதினோரு மணி இருக்கும். அவருடைய பத்துக் குப்பிகளும் மூடி போடத் தயாராக மேஜையில் வரிசையாக நின்றன. "கோயிலுக்குப் போகணும்னு சொன்னீங்களே, போயிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன். நரசிம்மரைப் பார்க்கப் போனார். அவர் மலையேறி இறங்கி வருவதற்குள், தொப்பி போடாத என் நான்காம் தலைமுறையை ஒவ்வொரு குப்பியிலும் கொஞ்சம் சேர்த்து மூடி போட்டுவிட்டேன். பதினைந்து நிமிட வேலை. தீபா எனக்கும் பிரசாதம் வாங்கிவந்தார். புளியோதரை. அன்றைக்கு மிளகு சரியான பதத்தில் இருந்தது.

என் எண்ணம் சின்னதுதான். கண் சிவக்கும், எரியும், சோதனையை நிறுத்துவார்கள். அவ்வளவுதான். அப்படியேதான் நடந்தது. இரண்டாம் நாள் நாலு பேர் எரிகிறது என்று சொன்னார்கள். ஐந்தாம் நாள் சக்திவேல் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். தீபா அழுதுகொண்டிருந்ததால், நோயாளிகளுக்குப் போன் செய்யும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். பட்டியலில் இருந்த பத்தொன்பது பேர் எடுத்தார்கள். எல்லோரிடமும் பொறுமையாகப் பேசினேன். இருபதாவது எண் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. மறுபடி கூப்பிட வேண்டும் என்று பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவைத்தேன். பிறகு வேறு வேலை வந்துவிட்டது.

அந்த இருபதாவது ஆள்தான் எல்லம்மா அக்கா. வயது ஐம்பத்தைந்து. சந்தையில் பழைய கடிகாரம், டைம்பீஸ், கைக்கடிகாரம் விற்கிறவர். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தங்கை மகள் சினேகா மட்டும் உண்டு. அவர் பன்னிரண்டாம் நாள் சினேகாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கிளினிக்குக்கு வந்தார். போன் தண்ணீர் டிரம்மில் விழுந்துவிட்டதாம். கண் எரிந்தபோது ஏன் நிறுத்தவில்லை என்று டாக்டர் கேட்டார்.

"எரிஞ்சாதான சார் மருந்து வேல செய்து? காயத்துக்கு டிஞ்சர் போட்டா எரியல? அத்தெப் போலன்னு நெனச்சிகினு ஒரு நாள் தவறாம ஊத்திகினேன்" என்றார்.

பன்னிரண்டு நாளும் ஒரு வேளை விடாமல் போட்டது அந்த இருபது பேரில் அவர் ஒருவர்தான். நான் பார்த்ததிலேயே மிக ஒழுங்கான நோயாளி. இரண்டு கண்ணின் கருவிழிகளும் பால் ஊற்றியதுபோல வெளுத்திருந்தன.

விசாரணை நடந்தது. குப்பிகள் தீபாவுடையவை, கையெழுத்து தீபாவுடையது. ஒழுங்கில்லாத பொருள் என்று நான் முன்பே எச்சரித்ததை சக்திவேல் நினைவுகூர்ந்தார். தீபா ராஜினாமா செய்துவிட்டு ஓசூரில் அண்ணன் வீட்டுக்குப் போனார். போகும்போது, "எங்க தப்பு பண்ணேன்னே தெரியல சார்" என்றார். "அடுத்த தடவ ஜாக்கிரதையா இருங்க, சரியாயிடும்" என்று தைரியம் சொல்லி அனுப்பினேன்.

அதன்பிறகு கண் மருந்து என்ற பேச்சே சக்திவேலுக்கு அலர்ஜியாகிவிட்டது. என் டென்ட்ரிமரையும் மூட்டைகட்டிவிட்டார். இப்போது எங்கள் கம்பெனி பெயின்ட்டில் கலக்கும் பிசின் செய்கிறது. தீபாவின் அதே ஒரு-குடுவை முறைதான். கிளை அதிகமிருப்பதால் பெயின்ட் வழுவழுப்பாக இழுக்க வருகிறது. அதன் தரத்தைப் பார்க்கும் மேனேஜர் நான். நன்றாகப் போகிறது. வேலை குறைந்ததால் எனக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு கிடைக்க ஆரம்பித்தது.

இங்கிருந்துதான் என் வாழ்க்கையின் நல்ல பகுதி தொடங்குகிறது. சுருக்கமாகச் சொல்ல மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கம்பெனி சார்பாகத்தான் எல்லம்மா அக்காவைப் பார்க்கப் போனேன். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போனேன். பல்லாவரத்தில் ஒற்றை அறை வீடு. சுவரெல்லாம் கடிகாரம். ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டியது.

"யாரு, கம்பெனி சாரா? உக்காரு. நாற்காலி மேல பல்சக்கரம் இன்னா கீதுன்னு பாத்துகினு உக்காரு, குத்திட போவுது" என்றார். பிறகு, "சந்தைக்குப் போயி ஒரு மாசம் ஆவுது சார். சினேகா காலேஜி போவுது, அத்த கெடுக்க கூடாது. ஒரே பேஜாரா கீது" என்றார்.

நான் வருகிறேன் என்றேன். எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று தெரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமையே மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவரோடு போய்த் தார்ப்பாய் விரித்தேன். என்னைச் சுற்றிப் பழைய ஃபேன், புறாக்கூண்டு, தண்ணீர் மோட்டார், ரோஜாச் செடி, கால் உடைந்த சோபா. யாரைப் பார்த்தாலும் ஏதோ ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே பத்து நிமிடத்துக்கு ஒரு விமானம் தாழப் பறந்து போகும். அது போகும்வரை எல்லாரும் பேரத்தை நிறுத்திவைத்து, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். வருடக்கணக்காகக் கண்ணாடிக் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் நாள் ஒருவர் என்னிடம் ஒரு பெண்டுலம் கடிகாரத்தைக் காட்டி, இது ஓடுமா என்று கேட்டார். "வாரத்துக்கு நாலு நிமிஷம் பின்தங்கும்" என்றேன். அவர் போய்விட்டார். அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இன்னா சார் நீ? கடியாரம் விக்கிறியா, சாட்சி சொல்றியா? வாரத்துக்கு ஒரு தபா கைய வச்சி திருப்பிக்க, வூட்டுக்கு ராசின்னு சொல்லு. மெய்யாலுமே ராசிதான், யாரு இல்லன்னது?"

இரண்டு மாதத்தில் நான் தேறிவிட்டேன். துருவை, கீறலை, போலிக் கண்ணாடியை நான் பார்த்துச் சொல்வேன். சத்தத்தை அவர் கேட்டுச் சொல்வார். இருவரும் சேர்ந்தால் ஒரு முழு வியாபாரி. மதியம் பக்கத்துக் கடை பிரியாணியில் முட்டையை எனக்கு ஒதுக்கிவைப்பார். 'சார்' போய் 'தம்பி' ஆனேன். "தோ, எங்க தம்பி வந்துட்சி, அதுக்கு கண்ணு எட்டூருக்கு தெரியும்" என்று எல்லாரிடமும் பெருமையடிப்பார். எந்தக் கருத்தரங்கிலும் என்னை யாரும் அப்படி அறிமுகம் செய்ததில்லை.

போன ஆவணியில் கண் தானத்தில் அவருக்கு ஒரு கருவிழி கிடைத்தது. வலக்கண்ணுக்கு மாற்றினார்கள். ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தது நான்தான். கட்டுப் பிரித்த அன்று மங்கலாகத்தான் தெரிந்தது. வாரம் போகப்போகத் தெளிந்தது. ஒருநாள் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தார்.

"அய்ய, நீ இவ்ளோ கெயவனா? கொரல வச்சி நான் சின்னப் பையன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஓய்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, உனக்கு ஆயிரம் வேல கீது. பெரிய படிப்பு படிச்சவன் நீ. இனிமே நீ சந்தைக்கு வந்து வெயில்ல காய வேணாம். எனக்குத் தெரியுது. நான் பாத்துக்கறேன். நீ எப்பனா வூட்டுக்கு வா, நாஸ்தா துன்னுட்டுப் போ."

அன்பாகத்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீங்கள் என்னிடம் கேட்டது தீபாவின் குப்பிகளைப் பற்றி மட்டும்தான். நோயாளிகளிடமிருந்து திரும்பி வந்தவற்றில் நான்கு குப்பிகளை தீபா எடுத்துப்போய் ஃபிரிட்ஜில் வைத்திருந்திருக்கிறார். போன மாதம் ஒரு ஆய்வுக்கூடத்தில் கொடுத்து, உள்ளே இருக்கும் மூலக்கூறுகளின் எடையைப் பார்த்திருக்கிறார். சக்திவேல் அந்தத் தாளை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். தீபாவின் பொருள் எடை கூடியும் குறைந்தும் கலந்திருப்பதால், படுத்திருக்கும் எருமையின் முதுகுபோல அகலமாக ஒரு மேடு. அந்த மேட்டின் மேல் ஒற்றை ஊசியாக ஒரு கோடு. பதினாலாயிரத்து இருநூற்றுச் சொச்சம். தொப்பியில்லாமல் அறுபத்து நான்கு நுனியும் இருந்தால் மட்டுமே அந்த எடை வரும்.

"சார், இது உங்க மாலிக்யூல்னு தீபா சொல்றாங்க. இல்லன்னு சொல்லுங்க, நான் அவங்ககிட்ட சண்டை போடறேன்" என்றார் சக்திவேல்.

நான் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். "என்னுதுதான். பக்கத்துல ஒரு குட்டிகூட இல்ல, பாத்தீங்களா?" என்றேன். சந்தோஷத்தில் முந்திக்கொண்டு வந்துவிட்டது. இன்னொரு தடவை கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இல்லை என்று சொல்லி அந்தக் கோட்டை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

எனவே அந்தக் கேள்விக்குப் பதில் ஆமாம். இனி நீங்கள் கேட்காததையும் எழுதுகிறேன். கேட்கவில்லை என்பதற்காக விட்டுவிடுவது முறையாக இருக்காது.

கருவிழி மாற்றியவர்களுக்கு மாதக்கணக்கில் சொட்டு மருந்து உண்டு. புதுக் கருவிழியை உடம்பு தள்ளிவிடாமல் இருப்பதற்கு. அக்காவுக்கு அந்த மருந்தைக் குறிபார்த்து விடத் தெரியாது, கன்னத்தில்தான் விழும். அதனால் காலையில் கம்பெனிக்குப் போகும் முன்பும் சாயங்காலம் வேலை முடிந்த பிறகும் நான்தான் போய் விடுவேன். சந்தைக்கு வர வேண்டாம் என்று அவர் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கள். ஆய்வகத்துக் குளிர்பெட்டியில் நான்காம் தலைமுறை கொஞ்சம் மீதி இருந்தது. தொப்பி போடாதது. அதை அவருடைய மருந்துக் குப்பியில் சேர்த்தேன். பிறகு வழக்கம்போல அவர் தலையைச் சாய்த்து, இமையை விரித்து, என் கையாலேயே விட்டேன். காலையில் ஒரு சொட்டு, மாலையில் ஒரு சொட்டு. பதினெட்டு நாள்.

"எரியுது தம்பி" என்றார் மூன்றாம் நாள்.

"எரிஞ்சாதான வேல செய்யுதுன்னு அர்த்தம், நீங்கதான சொன்னீங்க" என்றேன்.

"ஆமால்ல" என்று சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார்.

உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை, சிலருக்கு இப்படி ஆவதுண்டு, இன்னொரு முறை மாற்றினாலும் நிற்பது சந்தேகம் என்று டாக்டர் சொன்னார். ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம். இறங்கும்போது அக்கா, "வெள்ளிக்கெயம வருவியா தம்பி?" என்று கேட்டார். எத்தனை வருடத்துக்கு வேண்டுமானாலும் வருவேன் என்றேன். வந்துகொண்டும் இருக்கிறேன். இந்த ஏழு மாதத்தில் நான் ஒரு வெள்ளிகூடத் தவறியதில்லை, சந்தையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

நேற்று அவர் சினேகாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்ததும், நீங்கள் உள்ளே விடாததும் எனக்குத் தெரியும். ஜன்னல் வழியாகக் கேட்டது. "எங்க தம்பிய இன்னாத்துக்கு புட்சிகினு வந்துகிறீங்க? அது இல்லாங்காட்டி நான் எப்பவோ செத்துருப்பேன்" என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். அரைமணி நேரம் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இந்தத் தாள்களை அவருக்குப் படித்துக்காட்ட வேண்டியது உங்கள் கடமை என்றால் செய்யுங்கள். கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் சினேகா படிக்காமல் நீங்களே படித்தால் நன்றாக இருக்கும். சின்னப் பெண், தவறாக எடுத்துக்கொள்ளலாம்.

இது என் சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதியது. இருபது பேரில் பத்துப் பேரின் கண்ணுக்கு விஷம் போனது என்னால். எல்லம்மா அக்காவின் இரண்டு கண்ணும் போனது என்னால். மாற்றிவைத்த கண்ணும் போனது என்னால். அத்தனையையும் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் இல்லாமல் அவரால் முடியாது என்று ஆனதே, அதை நான் செய்யவில்லை, மேடம். அது தானாக நடந்தது.